கொல்லையில் அடுக்குமாடி, வாசலில் திண்ணை: பழைய செங்கல் வீட்டை இடிக்காமல் புதுக் கட்டடம் எழுப்பும் முறை

கும்பகோணத்தின் சன்னிதித் தெருக்களிலும், தஞ்சாவூரின் நான்கு ராஜ வீதிகளைச் சுற்றிய சந்துகளிலும், மயிலாடுதுறை, மன்னார்குடிக் கோயில் வீதிகளிலும் பழைய வீட்டை இடிப்பதா வேண்டாமா என்ற பேச்சு பெரும்பாலும் பாகப்பிரிவினையோடுதான் தொடங்குகிறது. பங்காளிகளில் ஒருவர் சென்னையில் இருப்பார், இன்னொருவர் வெளிநாட்டில் இருப்பார், மூன்றாமவர் ஒழுகும் ஓட்டுக்குக் கீழே பெற்றோரைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருப்பார். அப்போது கட்டுநர் ஒருவர் வந்து, நிலத்தைக் கொடுத்தால் பாதி வீடுகள் உங்களுக்கு என்று ஒரு தாளை நீட்டுவார். அந்தத் தாளில் பழைய வீட்டுக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு: “இடிப்புச் செலவு கட்டுநருடையது.”

அடுக்குமாடியால் வரும் பணமும் இடமும் தேவைப்படுகிற, ஆனால் திண்ணை முதல் கூடம் வரையிலான முன்கட்டு போய்விடக் கூடாது என்று நினைக்கிற குடும்பங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. காவிரிப் படுகை ஊர்களின் மனைகள் முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு கிடப்பவை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை என்று போகும் அந்த நீளத்தில் முதல் பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியில் கட்டுவது பல மனைகளில் இயலும். எல்லா மனைகளிலும் இயலாது. எங்கே இயலும் என்பதை வரைபடக்காரரிடம் போவதற்கு முன்பே உரிமையாளர் கண்டுபிடித்துவிட முடியும்.

நிலம் யாருடையது என்பதிலிருந்து தொடங்குங்கள்

கோயில் நகரங்களில் வீடு உங்களுடையதாகவும் அதன் அடிமனை கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருப்பது சாதாரணம். தாத்தா காலத்திலிருந்து மனை வாடகை கட்டிய ரசீதுகள் பெட்டியில் இருந்தால், அடுக்குமாடிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, கோயில் நிலத்தை விற்பதற்கும் ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கும் ஆணையரின் அனுமதி வேண்டும். அந்த நிலத்தின் பிரிக்கப்படாத பங்கை அடுக்குமாடியில் வீடு வாங்கும் எட்டுப் பேருக்கு எழுதிக் கொடுக்க வாடகைதாரரால் முடியாது. எனவே மூலப்பத்திரம், நகர நில அளவைப் பதிவேடு, பட்டா, வில்லங்கச் சான்று ஆகிய நான்கையும் அருகருகே வைத்துப் படியுங்கள். வில்லங்கம் இல்லை என்பதாலேயே நிலம் உங்களுடையது என்று ஆகிவிடாது.

நிலம் சொந்தம் என்று உறுதியான பிறகு பக்கச் சுவர்களைப் பாருங்கள். அக்கிரகார வரிசைகளிலும் பழைய கடைத்தெருக்களிலும் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே பொதுச்சுவர்தான் இருக்கும். உங்கள் உத்திரமும் அடுத்த வீட்டு உத்திரமும் அதே சுவரில் உட்கார்ந்திருக்கும். உங்கள் வீட்டை முழுதாக இடித்தால் நூறாண்டுகளாக இருபுறமும் தாங்கி நின்ற சுவர் ஒருபுறம் அனாதையாகும். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இருபது ஆண்டுகள் தடையின்றி அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் தாங்குதலுக்கும் உரிமை தருவதால், பக்கத்து வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போனால் அவர் பக்கம் வலு இருக்கும். முன்கட்டை இடிக்காமல் விடுவதன் முதல் லாபம் இதுதான்.

எவ்வளவு உயரம் கிடைக்கும்

கட்டுநரின் தாளில் இருக்கும் படம் பத்து மாடியைக் காட்டினாலும், உங்கள் தெரு அதை அனுமதிக்காது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்பதன்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்கு முன்னாலிருக்கும் சாலை குறைந்தது 12 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். கோயில் நகரத்தின் உள்வீதிகளில் 12 மீட்டர் என்பது தேரோடும் வீதிகளுக்கு வாய்க்கலாம், குறுக்குச் சந்துகளுக்கு வாய்க்காது. ஆகவே நம் தெருக்களில் நடைமுறையில் கிடைப்பது வாகன நிறுத்தத் தளத்துக்கு மேல் மூன்று அல்லது நான்கு மாடிகள். தளப்பரப்புக் குறியீடு சாதாரணமாக 2. அதாவது மனையின் பரப்பைப் போல இரு மடங்கு கட்டலாம்.

இதற்கு மேல் இடத்துக்கு இடம் கட்டுப்பாடுகள் மாறும். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி, 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தத்தின்படி, முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளக்கக் கூடாது; பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து அளக்க வேண்டும். முதல் பகுதியில் புதுக் கட்டடம் என்ற பேச்சே இல்லை. ஏற்கெனவே உள்ள வீட்டைப் பழுதுபார்க்க மட்டும் அனுமதி கேட்கலாம். இரண்டாவதில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையோடு கட்டலாம். மீறினால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் சேர்ந்துகொள்ளும். கோயிலைச் சுற்றித் தனி உயரக் கட்டுப்பாடு உங்கள் தெருவுக்கு உண்டா என்பதை உள்ளூர்த் திட்டக் குழுமத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்மொழியாக “அதெல்லாம் வாங்கிடலாம்” என்று சொல்பவர் கட்டடம் முடியும்போது அந்த ஊரில் இருக்க மாட்டார்.

பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லாத ஒரு சாதாரணத் திண்ணை வீட்டை இடிப்பதற்கு உரிமையாளரின் மனத்தைத் தவிரப் பெரிய தடை எதுவும் நடைமுறையில் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதனால்தான் பின்னால் வரும் ஒப்பந்தப் பகுதிக்கு இவ்வளவு எடை.

கணக்கு

30 அடி முகப்பும் 160 அடி நீளமும் உள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். 4,800 சதுர அடி, அதாவது இரண்டு கிரவுண்டு. குறியீடு 2 என்றால் 9,600 சதுர அடி வரை கட்டலாம். இதில் கூடம் முடியும் 65-ஆவது அடி வரை பழைய வீட்டை அப்படியே விடுகிறோம். முற்றத்தைக் கழித்தால் அதன் தளப்பரப்பு ஏறத்தாழ 1,500 சதுர அடி. பிறகு 15 அடி இடைவெளி. 80-ஆவது அடியில் தொடங்கி 150-ஆவது அடியில் முடியும் புதுக் கட்டடம். கடைசிப் பத்து அடி பின்வெளி. தொடர் கட்டடப் பகுதியாக இருந்து பக்கவெளி விட வேண்டியதில்லை என்றால், வெளிச்சக் குழிகள் போக மாடிக்கு 1,900 சதுர அடி கிடைக்கும்.

இப்போது எதிர்த் திண்ணையில் நின்று பாருங்கள். தெரு 30 அடி. கண் மட்டம் 5 அடி. உங்கள் ஓட்டுக்கூரையின் முகடு முகப்பிலிருந்து 20 அடி உள்ளே, 20 அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பார்வைக்கோடு 50 அடிக்கு 15 அடி ஏறுகிறது. அந்தக் கோடு புதுக் கட்டடத்தின் முன்சுவரைத் தொடும்போது அதன் உயரம் 38 அடி. வாகனத் தளம் 9 அடி, மாடி ஒவ்வொன்றும் 10 அடி என்றால் மூன்றாம் மாடியின் தளக்கூரை 39 அடியில் முடியும். ஆக உச்சியில் ஓர் அடி தவிர மூன்று மாடிகளும் தெருவுக்குத் தெரியாமலே மறைந்துவிடும், நான்காவது மாடிதான் தலையை நீட்டும். அதை முகப்பிலிருந்து 117 அடிக்குத் தள்ளிவிட்டால் அதுவும் மறையும். ஆனால் அதன் பரப்பு 900 சதுர அடியாகக் குறையும்.

கூட்டிப் பார்த்தால் மூன்று மாடி 5,700, நான்காம் மாடி 900, பழைய வீடு 1,500, மொத்தம் 8,100. தாளில் உள்ள உச்ச அளவுக்கு 1,500 சதுர அடி குறைவு. அதில் 1,000 சதுர அடி நான்காம் மாடியை உள்ளே தள்ளியதால் வந்தது, பழைய வீட்டால் வந்ததன்று. பங்காளிகளிடம் இந்தக் கணக்கை இப்படிப் பிரித்துக் காட்டினால், “பழசைக் கட்டிக்கொண்டு அழுதால் பாதி போய்விடும்” என்ற வாதம் அடங்கிவிடும். தெருவிலிருந்து மேல்மாடி தெரிந்தாலும் பரவாயில்லை என்று குடும்பம் முடிவெடுத்தால் அதையும் நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். போலித் தூணும் சிமெண்டு யாளியும் வைத்துப் புதுக் கட்டடத்தைப் பழையதாக வேடம் போடுவதை விட அது மேல்.

வண்டி எந்த வழியாகப் போகும்

இந்தத் திட்டம் பெரும்பாலும் உடைவது இங்கேதான். பழைய வீடு முகப்பின் 30 அடியையும் அடைத்துக்கொண்டு நிற்கும்போது கார் எப்படிக் கொல்லைக்குப் போகும்? பின்னால் ஒரு தெருவோ, வண்டி நுழையக்கூடிய கொல்லைச் சந்தோ இருந்தால் நுழைவாயிலை அங்கே வைத்துவிடலாம். அப்போது திட்ட அனுமதிக்கு எந்தச் சாலையின் அகலத்தைக் கணக்கில் எடுப்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டாக வேண்டும். பின்சந்து குறுகலாக இருந்தால் மாடி எண்ணிக்கையும் வீடுகளின் எண்ணிக்கையும் குறையும். பின்வழி இல்லை, முகப்பு அகலம் என்றால், திண்ணையின் ஓர் ஓரத்தை மட்டும் விட்டுக்கொடுத்து வழி எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். இரண்டும் இல்லையென்றால் அடுக்குமாடியை மறந்துவிடுங்கள். இரண்டாம் கட்டை மட்டும் புதிதாக ஒரு மாடியோடு கட்டி, முன்கட்டைத் தங்கும் விடுதியாகவோ அலுவலகமாகவோ வாடகைக்கு விடுவதுதான் அந்த மனைக்கு ஏற்றது.

தீயணைப்பு வண்டி எது வரை வரும், அங்கிருந்து குழாய் எட்டுமா என்பதைத் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்து நேரில் காட்டுங்கள். 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளிக் கட்டடத்துத் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த கும்பகோணத்தில், படிக்கட்டு அகலத்தில் அரை அடி மிச்சம் பிடிக்கும் வரைபடத்தில் யாரும் கையெழுத்திடக் கூடாது.

அஸ்திவாரம்

படுகையின் மண் ஆறு கொண்டுவந்து போட்டது. ஒரே மனையில் மேலே களி, கீழே மணல், அதற்குக் கீழே மீண்டும் களி என்று அடுக்கடுக்காக இருக்கும், அடுத்த மனையில் அந்த வரிசை மாறியிருக்கும். களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பழைய வீட்டின் சுவர் இந்த மண்ணில் ஆழமில்லாத, அகன்ற செங்கல் அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது. சுண்ணாம்புச் சாந்து சற்று வளைந்து கொடுக்கக்கூடியது என்பதால் மண்ணின் சிறு அசைவுகளை இத்தனை காலம் தாங்கியிருக்கிறது. பெரிய அசைவைத் தாங்காது.

ஆகவே மண் பரிசோதனைக்குத் துளையிடும்போது, புதுக் கட்டடம் வரும் இடத்தில் மட்டுமன்றிப் பழைய சுவரின் ஓரத்திலும் ஒரு சிறு குழி வெட்டி, அந்தச் சுவரின் அடிமட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். புதுக் குழி அந்த மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது பழைய சுவரிலிருந்து விலகியிருக்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் மண் சரியாமல் தாங்கல் கொடுத்துத் துண்டு துண்டாகத்தான் வெட்ட வேண்டும். நிலவறை வேண்டவே வேண்டாம். பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அஸ்திவாரத் தூண், போடுவதென்றால் துளையிட்டு வார்க்கும் பைலையே கேளுங்கள். சம்மட்டியால் அடித்து இறக்கும் பைலின் அதிர்வு ஓட்டையும் காரையையும் உதிர்க்கும், பக்கத்து வீட்டுக்காரரையும் வாசலுக்கு வரவழைக்கும்.

காலத்தைத் தேர்வதும் அஸ்திவார வேலையின் ஒரு பகுதிதான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடப்பட்டு, ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்துவிட்டால் நகரத்துக் கிணறுகளின் மட்டம் ஏறும். அதன் பின்னே ஐப்பசி, கார்த்திகை மழை. மாசியில் குழி வெட்டத் தொடங்கி வைகாசிக்குள் தரைமட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் பம்பு வைத்துத் தண்ணீர் இறைக்கும் வேலை குறையும். அந்தப் பம்பைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்: தண்ணீரோடு நுண்மணலும் வெளியேறிக்கொண்டே இருந்தால், பக்கத்துச் சுவருக்குக் கீழே வெற்றிடம் உண்டாகிச் சுவர் இறங்கும். இறைக்கும் தண்ணீர் கலங்கலாக வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

வேலை தொடங்குமுன் உங்கள் முன்கட்டையும் இருபுறத்து வீடுகளையும் அறை அறையாகப் படமெடுத்து, இருக்கிற விரிசல்களைக் குறித்து, அண்டை வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரு முனைகளையும் சாந்தால் ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. அன்றைக்கு வேலை நிற்க வேண்டும், பொறியாளர் வர வேண்டும்.

முன்கட்டைப் பழுதுபார்த்தல்

பழையது எல்லாம் காக்கத் தக்கது என்று நான் சொல்ல வரவில்லை. இடையில் யாரோ சேர்த்த ஆஸ்பெஸ்டாஸ் தாழ்வாரமும், முற்றத்தை மூடிய கான்கிரீட் பலகையும், கிணற்றடிக் குளியலறையும் போகட்டும். திண்ணை, தூண்கள், நிலை, முற்றம், கூடம் என்ற தொடர்ச்சி நிற்க வேண்டும். வீடு பெரியதாகவோ வேலைப்பாடு மிகுந்ததாகவோ இருக்க வேண்டும் என்பதுமில்லை. கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த ஓட்டு வீடு மிகச் சிறியது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கி நினைவிடமாகக் காத்துவருவதால், அந்தத் தெரு ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதை இன்றும் ஒருவர் படியேறிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறது.

பழுதுபார்ப்பதில் மிகப் பெரிய கேடு சிமெண்டு. சித்துக்கல் என்னும் மெல்லிய பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பூச்சின் வழியே வெளிவிடும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சையும் பிளாஸ்டிக் வண்ணத்தையும் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கி, இன்னும் மேலே ஏறி, உப்பாகப் பூத்துச் செங்கல்லை மாவாக உதிர்க்கும். படுகையில் நீர்மட்டம் உயரம் என்பதால் இது விரைவாகவே நடக்கும். எனவே பழைய சிமெண்டுப் பூச்சு இருந்தால் செங்கல் சேதமாகாமல் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடை முழுதும் காயவிட்டு, நன்றாக நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பில் மணலும் செங்கல் தூளும் கலந்து பூச வேண்டும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். சுண்ணாம்புப் பூச்சு அவசரத்துக்குப் படியாது. மெல்லிய பூச்சாகப் பூசி, ஒன்று இறுகிய பிறகே அடுத்ததைப் பூச வேண்டும், நடுவே வெயில் நேராகப் படாமல் சாக்கை நனைத்துத் தொங்கவிட வேண்டும். நாட்கூலிக்கு இல்லாமல் சதுர அடிக்கு விலை பேசினால் இந்த வேலை கெடும். வேலை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் தரங்கம்பாடிக்குப் போய், 2004 சுனாமிக்குப் பிறகு, மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சீரமைத்த வீடுகளைப் பார்த்துவரலாம்.

மரத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனைதான் மக்கிப்போயிருக்கும். திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை மட்டும் கெட்டிருந்தால் அந்த அளவுக்கு வெட்டிப் புதுத் தேக்கைப் பொருத்தி இரும்புத் தகடால் பிணைக்கலாம், முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஓடுகளை இறக்கி மீண்டும் ஏற்றும்போது ஓரத்து வரிசைகளையும் முகட்டையும் கம்பியால் கட்டிவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கூரைகளைப் பிய்த்தெறிந்ததைப் பார்த்த பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை. இடிக்கும் பின்கட்டிலிருந்து கிடைக்கும் செங்கல், ஓடு, கதவு, சட்டம் எதையும் இடிப்பவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். முன்கட்டின் பழுதுக்கு அவற்றை விடப் பொருத்தமான பொருள் சந்தையில் கிடைக்காது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

கட்டுநரோடு போடும் கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தில், காக்கப்படும் பகுதியின் அளவெடுத்த வரைபடமும் படங்களும் இணைப்பாக இருக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு இடிப்பு அதிகாரம் பொது அதிகாரப் பத்திரத்தில் தரப்படவில்லை என்று தனி வரியாக எழுத வேண்டும். முன்கட்டுப் பழுதுவேலை முதலில், அடுக்குமாடி விற்பனை பிறகு என்று வரிசை போடுங்கள். கடைசியில் செய்து தருகிறேன் என்று விட்டால் பணம் அதற்குள் தீர்ந்திருக்கும். சேதமானால் எவ்வளவு இழப்பீடு என்பதையும், அதற்குப் பிணையாக எத்தனை சதுர அடி கட்டுநரின் பங்கிலிருந்து பதிவு செய்யப்படாமல் நிறுத்தி வைக்கப்படும் என்பதையும் எண்ணால் எழுதுங்கள்.

அடுத்தது முன்கட்டு யாருடையது என்பது. குடும்பத்தில் ஒருவர் அதை வைத்துக்கொள்வதாக இருந்தால், அவருக்கான பிரிக்கப்படாத நிலப்பங்கு (யூ.டி.எஸ்.) மற்ற வீடுகளுக்குப் போல அவர் பெயரிலேயே நிற்க வேண்டும். அடுக்குமாடிச் சங்கத்தின் பொதுச் சொத்தாக விடுவதென்றால், பராமரிப்புக்கென ஒரு வைப்புநிதியும், முழுச் சம்மதமின்றி இடிக்கவோ முற்றத்தை மூடவோ கூடாது என்ற நிபந்தனையும் ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் வர வேண்டும். என் எண்ணத்தில் முதல் வழி மேல். ஓடு ஒழுகினால் ஏணி வைக்க ஒருவர் வேண்டும்; எட்டுக் குடும்பங்கள் கூடித் தீர்மானம் போடுவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். நிலம் 500 சதுர மீட்டரையோ வீடுகள் எட்டையோ தாண்டினால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமோ முன்பணமோ கூடாது என்பதையும் கட்டுநருக்கு நினைவூட்டுங்கள்.

குடியேறிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், கூரைச் சந்துகளிலும் கைப்பிடிச் சுவரிலும் முளைத்திருக்கும் அரச மர, ஆலமரக் கன்றுகளை வேரோடு எடுத்து அந்த ஓட்டையைச் சுண்ணாம்பால் அடைத்துவிட வேண்டும். புதுக் கட்டடத்தின் குளிர்சாதன நீர், மொட்டைமாடி வடிகால் எதுவும் முற்றத்துப் பக்கமோ பழைய சுவரின் அடியிலோ விழக் கூடாது. அவற்றைத் தனிக் குழாயில் பின்சந்து வடிகாலுக்குக் கொண்டுபோவதை வரைபடத்திலேயே கேட்டு வாங்குங்கள்.